ஆற்றைக் கோடாக்கினால் அகலம் எங்கே போகும்?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளைக்குக் காவிரி என்ற பெயரே தொடர்கிறது. நடுவில் ஸ்ரீரங்கம். கீழே கல்லணையருகே உள்ளாறு வழியாக இரண்டும் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. இந்த ஆற்றைக் கணினி வரைபடத் தரவுத்தளத்தில் பரப்பாகப் பதிந்தால், நடுவே பெரிய ஓட்டை விழுந்த ஒரு பலகோணம் கிடைக்கும். அதன் நடுக்கோட்டை எடுக்கச் சொன்னால் தீவைச் சுற்றி ஒரு வளையம் வந்து நிற்கும். ஒற்றைக் கோடு வேண்டுமென்றால் ஒரு கிளையைக் கழித்தாக வேண்டும். அகலமான கிளையை வைத்துக்கொள் என்று விதி போட்டால் கொள்ளிடம் தங்கும், காவிரி போய்விடும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கிளையை நீக்கிவிட்டு, வெள்ளம் வடியும் கிளையை ஆறு என்று அந்த விதி சொல்லும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் டெல்டா விவசாயி எவரும் அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ள மாட்டார். நடுக்கோடு எங்கே போக வேண்டும் என்பதை யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தை எழுதி வைக்காமல், மூலப் பலகோணத்தையும் கூடவே தராமல், கோட்டை மட்டும் பொதுத் தரவாக வெளியிடக் கூடாது என்கிறேன்.

கணக்கு நடக்கும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஹாரி ப்ளம் 1967-ல் விளக்கிய முறை இது: பலகோணம் முழுக்கக் காய்ந்த புல் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஓரங்களிலும் ஒரே நேரத்தில் தீ வைத்தால், அது ஒரே வேகத்தில் உள்ளே நகரும். எதிரெதிர்த் தீ சந்திக்கும் இடங்களை இணைத்தால் நடு அச்சு. போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இதைத் தோராயமாகக் கணக்கிடும் கட்டளை ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் எந்தக் கரையும் நேராக இருப்பதில்லை. மண் சரிந்து கரையில் ஒரு குடைவு விழுந்திருந்தாலே போதும், அதன் மூலையிலிருந்து ஒரு குட்டிக் கோடு கிளம்பிவிடும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். கரை படிக்கட்டு போல வெட்டுப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முள் முளைத்து, நடுக்கோடு மீன் எலும்பாகக் காட்சி தரும். குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த முள்ளையெல்லாம் நறுக்கு என்று கட்டளையிடுவது வழக்கம். மதகுக்கும் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் வாய்க்காலின் சின்ன வாயும் அதே கத்திக்கு இரையாகும். எது முள், எது வாய்க்கால் என்று நீளத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

பலகோணமாவது நிலையானதா என்றால் அதுவும் இல்லை. மேட்டூர் திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் ஆறு மணலின் ஓரமாக ஒதுங்கிய ஓர் இழை. ஆடிப் பெருக்கில் கரை தொட்டு ஓடும் நீர். இரண்டுக்கும் நடு வேறு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய வழக்காகலாம் என்பதை ஆப்பிரிக்காவின் சோபே ஆற்றில் பார்க்கலாம். பிரிட்டனும் ஜெர்மனியும் 1890-ல் செய்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி, முதன்மைக் கிளையின் நடுவே எல்லை போகும் என்றது. ஜெர்மன் பிரதியில் அதே இடத்தில் ஆழக்கோட்டைக் குறிக்கும் 'தால்வெக்' என்ற சொல் இருந்தது. ஆண்டில் சில மாதங்கள் வெள்ளத்தில் மூழ்கும், சுமார் 3.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கசிகிலி அல்லது செடுடு தீவுக்காக, அந்த எல்லையைப் பின்னாளில் பெற்ற போட்ஸ்வானாவும் நமீபியாவும் சர்வதேச நீதிமன்றம் போயின. எந்தக் கிளை முதன்மை என்பதற்கே ஆழம், அகலம், நீரோட்டம் என்று ஒவ்வொன்றாக ஆராய வேண்டியிருந்தது. 1999-ல் வந்த தீர்ப்பு வடகிளையைத் தேர்ந்து, அதன் மிக ஆழமான இடங்களை இணைக்கும் கோட்டை எல்லையாக்கியது. தீவு போட்ஸ்வானாவுக்குப் போனது. வானிலிருந்து எடுத்த பலகோணத்துக்குள் ஆழம் கிடையாது. வளைவில் ஆறு வெளிக்கரையைக் குடைந்து உட்கரையில் மணலைச் சேர்க்கும். அங்கே ஆழக்கோடு நடுவிலிருந்து விலகியே ஓடும்.

கோடு இல்லாமல் வேலை நடக்காதே என்று கேட்பது நியாயம். ஆற்றுவழித் தொலைவு, ஓட்டத்தின் திசை, எந்த ஓடை எதில் சேர்கிறது என்பதற்கெல்லாம் கோடு வேண்டும். கையால் வரைந்தால் ஆளுக்கொரு கோடு, கணினி என்றால் ஒரே கோடு என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் அதே பலகோணத்தையும் அதே வெட்டு அளவையும் கொடுத்தால்தான் அதே கோடு வரும். அவை இரண்டையும் மறைத்து வைத்தால் சரிபார்க்க இன்னொருவருக்கு வழியே இல்லை. ஜார்ஜ் ஆலனும் தாம்லின் பாவெல்ஸ்கியும் 2018-ல் வெளியிட்ட உலக ஆறுகளின் தொகுப்பு நல்ல முன்மாதிரி. சராசரி நீரோட்டத்துக்கு நெருக்கமான மாதங்களின் படங்களை எடுத்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடுக்கோட்டின் புள்ளிகளோடு அந்தந்த இடத்தின் அகலத்தையும் தந்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் அக்கறை வேண்டிய காரணம் நிலம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஆறு கோடாக இல்லை. புல எண்ணும் பரப்பும் உள்ள புறம்போக்காக இருக்கிறது. கோடு மட்டும் கையிலிருக்கும் ஒருவர், ஆற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளிக் கட்டலாம் என்று திட்டம் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு 600 மீட்டர் அகலம் என்றால் அவர் குறித்த இடம் ஆற்றுக்குள்ளேயே இருக்கும். கரையை எட்ட இன்னும் 250 மீட்டர் போக வேண்டும். கோடையில் அங்கே தண்ணீரும் இருக்காது, தடுக்க ஆளும் இருக்காது. மூலப் பலகோணம், படம் எடுத்த தேதி, முள்ளை வெட்டிய அளவு, கழித்த கிளையின் பெயர்: தரவு அட்டவணையில் இவற்றுக்கு நான்கு நெடுவரிசைகள் போதும். நான்காவதில் 'காவிரி' என்று எழுதியிருந்தால், அதைப் பார்க்கும் முதல் பொறியாளரே கோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.