வீட்டைப் பார்க்காதே, தெருவைப் பார்!

போன ஞாயித்துக்கிழமை கோவில்பட்டியிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம். பயபுள்ளை அதுக்குள்ள வீடும் பார்த்து வெச்சுட்டான். ஆபீஸ்ல இருந்து வண்டியில பத்தே நிமிஷம். பன்னெண்டாவது மாடி, நீச்சல் குளம், ஜிம், இத்யாதி இத்யாதி.

"அண்ணே, நாளைக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துரட்டுமா?"

"சித்தியும் கூட வர்றாங்களா?"

"ஆமாண்ணே. அப்பா போனதுக்கப்புறம் அங்க தனியா எப்படி விட முடியும்?"

"அப்ப குடுக்காத."

பையன் கொஞ்சம் கடுப்பாயிட்டான். அவனுக்குப் போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது. மீதியை இங்கே கொட்டறேன், பொறுத்தருள்க.

புது ஊருக்கு வேலைக்குப் போறவங்ககிட்ட எல்லாரும் சொல்ற அறிவுரை ஒண்ணே ஒண்ணுதான்: "ஆபீஸ் பக்கத்துலயே வீடு பாரு." தனிக்கட்டையா இருந்தா சரிதான், நானும் அதையே சொல்லுவேன். குடும்பத்தோட போறவனுக்கு இது அரைகுறை அறிவுரைங்கறது என் கட்சி. ஏன்னா ஆபீஸ் போறவன் அந்த ஏரியாவுல வாழறதே இல்லை. ராத்திரி வந்து தூங்கறான், காலையில கிளம்பிடறான். நாள் முழுக்க அங்கே இருக்கப்போறது வேற ஒருத்தர். எந்த ஏரியான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்கதான். ஆனா நம்ம வீடுகள்ல அவங்ககிட்ட கேட்கறதே கிடையாது. நானும் கேட்கலை.

2014-ல நாங்க சென்னைக்கு வந்தப்போ நானும் அந்த அறிவுரைப்படிதான் செஞ்சேன். பெரும்பாக்கம் பக்கம் ஒன்பதாவது மாடியில வீடு. நானும் தங்கமணியும் காலை எட்டரைக்குக் கிளம்பினா திரும்பி வர ராத்திரி எட்டாயிடும். வீட்டுல அம்மா மட்டும். கொத்தமல்லி வாங்கணும்னாலும் டிப்பர் லாரி பறக்கற ரோட்டைத் தாண்டணும். நடைபாதைங்கற பேச்சே இல்லை. கோயிலுக்குப் போகணும்னா ஆட்டோ. "போரடிக்குதாம்மா?"ன்னு கேட்டா, "எனக்கென்னல, காத்து நல்லா வருது"ம்பாங்க. நானும் நம்பிட்டேன்.

ஒரு நாள் காய்ச்சல்னு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கேட்டுக்குப் பக்கத்துல செக்யூரிட்டி ரூம் வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. காவலுக்கு இருந்த பையன் ஒடிசாக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. கோவில்பட்டி வீட்டு முருங்கை மரம் ஒரு வருஷம் காய்ச்சுத் தள்ளின கதையை அம்மா சொல்லிட்டிருக்காங்க. அவனும் பாவம், தலையாட்டிக்கிட்டே கேட்கிறான். என்னைப் பார்த்ததும் தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி அம்மா சட்டுனு எந்திரிச்சாங்க. தினமும் மத்தியானம் அங்கேதான் உட்கார்ந்திருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அப்பவே வீடு மாறியிருக்கணும். மாறலை. அட்வான்ஸ் பத்து மாச வாடகை, திரும்ப புரோக்கர் கமிஷன், பெயின்ட் அடிச்சதுக்குப் பிடிப்பாங்க, இப்படி ஆயிரம் கணக்கு. (2019-ல அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுங்குது. புதுசா வர்றவங்க இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேரம் பேசுங்க.)

அப்புறம் 2015 டிசம்பர் வந்துச்சு. செம்பரம்பாக்கம், அடையாறு கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்க பக்கம் வந்தது வேற தண்ணி. தென்சென்னையில இருக்கற ஏரிகளோட உபரித் தண்ணியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியா கடலுக்குப் போகணும். அந்தச் சதுப்பு நிலத்துலயும் அதைச் சுத்தியும் நாம ரோடும் வீடும் ஆபீஸும் கட்டி வெச்சா தண்ணி பாவம் எங்கே போகும்? நம்ம பார்க்கிங்குக்குத்தான் வரும். 2022-ல அதே பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது. சந்தோஷம்தான், ஆனா மிச்சம் இருக்கறதுக்குத்தான் கிடைச்சுது.

ஜெனரேட்டர் கீழ்த்தளத்துல இருந்துச்சு. தண்ணி புகுந்ததும் அது போச்சு. லிப்ட் நின்னுச்சு, மோட்டாரும் நின்னுச்சு. நாலு நாள் ஒன்பது மாடிக்குக் குடத்துல தண்ணி தூக்கினோம். மூட்டுவலிக்கார அம்மாவால இறங்க முடியலை. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னுகூட எங்களுக்குத் தெரியாது, அவங்களுக்கும் எங்களைத் தெரியாது. மூணாவது நாள் ராத்திரி அம்மா மெதுவாக் கேட்டாங்க: "ஏலே, நான் ஊருக்கே போயிரட்டுமா?"

2016 ஏப்ரல்ல நங்கநல்லூருக்கு மாறினோம். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போய்த்தான் வீடு தேடினேன். அதுலயும் ஒரு பாடம். ரெண்டு வீட்டுல, "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆமா"ன்னதும் சாவி உள்ளே போயிடுச்சு. இன்னொருத்தர் இன்னும் நாகரிகமா, "சார் சொந்த ஊர்ல எந்தத் தெரு?"ன்னு ஆரம்பிச்சார். கேள்வி எதுக்குன்னு நமக்குத் தெரியாதா என்ன? நாம ஏரியாவைத் தேர்ந்தெடுக்கறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். ஏரியாவும் நம்மளைத் தேர்ந்தெடுக்குதுங்க. பழைய ஏரியா பழைய ஏரியான்னு நான் சிலாகிக்கறப்போ இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். கேட்டட் கம்யூனிட்டியில இந்தக் கேள்வி எங்களுக்கு வரலை, அந்தப் புண்ணியம் அதுக்கு உண்டு.

கடைசியில கிடைச்சது முதல் மாடியில ஒரு பழைய வீடு. ஹால் சின்னது, கார் நிறுத்த இடம் இல்லை. என் ஆபீஸ் பயணம் பத்து நிமிஷத்துல இருந்து முக்கால் மணியாச்சு. மழைன்னா ஒன்றரை மணி. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம்னு தினமும் நான் குடிக்கற புகைக்கு அளவே இல்லை. நஷ்டமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டே வாரத்துல கீழ் வீட்டு மாமி பேரு, இஸ்திரி போடுறவரோட மகளுக்கு வரன் பார்க்கறது, எந்தக் கடையில புளி நல்லாருக்கும் எல்லாம் அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு இன்னிக்கும் தெரியாது :-)

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுலயும் ரெண்டு நாள் கரண்ட் இல்லை. புயல் எல்லாருக்கும் பொது. ஆனா பால் பாக்கெட்டை எதிர் வீட்டுப் பையன் கொண்டு வந்து குடுத்தான். அம்மா ரவையைக் கிளறி மாடிப்படியில வெச்சு நாலு வீட்டுக்குப் பங்கு போட்டாங்க. யாரும் ஊருக்குப் போறேன்னு சொல்லலை.

சரி, தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வீட்டை அப்புறம் பார், முதல்ல தெருவைப் பார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் சும்மா நில்லு. வயசானவங்களும் குழந்தைகளும் தெருவுல தெரியறாங்களா? செருப்பை மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நடந்தா பாலும் மாத்திரையும் கிடைக்குதா? கிடைக்கலைன்னா ஜிம்மை வெச்சு சித்தி என்ன பண்ணுவாங்க?

அப்புறம் டீக்கடையில கேளு. புரோக்கர்கிட்ட கேட்காதே. "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" கேட்டா சுவத்துல கை வெச்சே காட்டுவாங்க. ஒரே ஏரியாவுல ஒரு தெரு முழுகும், அடுத்த தெரு முழுகாது, அதனால ஏரியா பேரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதே. ஏரி, தாங்கல்னு பேர்லயே தண்ணி இருந்தா ரெண்டு தடவை கேளு. (தி.நகரே 1920-கள்ல ஏரியைத் தூர்த்து உருவாக்கின ஊருதான்.)

வெள்ளம் மட்டும் இல்லை, வறட்சியையும் கேளு. 2019 கோடையில குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்த ஊர் இது. அந்த வருஷம் அந்த பில்டிங்ல கிணறு இருந்துச்சா, குழாய்த் தண்ணி வந்துச்சா, முழுக்க லாரியை நம்பி இருந்தாங்களா? நீச்சல் குளம் இருக்கறதை விளம்பரத்துல போடுவாங்க, குளிக்கத் தண்ணி எங்கேர்ந்து வருதுங்கறதைப் போட மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சித்தியை ஒரு மாசம் இங்கே எங்க வீட்டுல கொண்டு வந்து விடு. நீ பார்த்த ஏரியாவுல ஒரு பகல் முழுக்க அவங்க சுத்திப் பார்க்கட்டும். பிடிச்சிருக்குன்னு அவங்க வாயால சொன்னா பன்னெண்டாவது மாடியே எடு, நான் குறுக்கே வரலை.

"யோசிக்கறேண்ணே"ன்னு சொல்லி வெச்சான். சித்திகிட்ட கேட்டானான்னு தெரியலை. அம்மாகிட்ட இதைச் சொன்னேன், "அவ கேட்டா காத்து நல்லா வருதுன்னுதாம்ல சொல்லுவா. நான் பேசுறேன், போனைக் குடு"ன்னு வாங்கிட்டாங்க.

ஒன்றரை மணி நேரமா பேச்சு நடந்துக்கிட்டிருக்கு. நீங்க எப்படி ஏரியா பார்த்தீங்க, யார்கிட்ட கேட்டு முடிவு பண்ணினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பெங்களூர், ஹைதராபாத் பக்கம் இருக்கறவங்களும்தான்.