வாங்கின விலைக்கே வித்துடலாமாம்!

"ரெண்டு வருஷம் ஓட்டுங்க, அப்புறம் வாங்கின விலைக்கே வித்துடலாம்." ஐரோப்பாவில் முதன்முதலா பழைய கிளைடர் (அதாங்க, இன்ஜின் இல்லாத விமானம்) வாங்கப் போறவங்களுக்கு இப்படி ஆசை காட்டுறவங்க நிறைய. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இதென்ன மக்களே, பழைய ஸ்பிளெண்டர் பைக்கா?

முழுப் பொய்னு சொல்லலை. 1980-ல் முதலில் பறந்த ஜெர்மனியின் எல்எஸ்4 இன்னிக்கும் ஜம்முனு பறக்குது, நல்ல விலைக்கும் போகுது. ஆனா எல்லாக் கிளைடருக்கும் அந்த யோகம் கிடையாது.

செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான பிளானிக் எல்-13-ஐ எடுத்துக்கோங்க. 2,600-க்கும் மேல் தயாரிச்சாங்க. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒண்ணு பறந்துக்கிட்டு இருக்கும்போதே இறக்கை முறிஞ்சு விழுந்தது. உள்ளே இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. காரணம், இறக்கையைத் தாங்கும் ஸ்பாரில் உலோகச் சோர்வால் வந்த விரிசல். உடனே உலகம் முழுக்க அந்த ரகத்தைத் தரையிறக்கிட்டாங்க. முந்தின நாள் வரை விலை சொல்லிக்கிட்டு இருந்தவர் கையில் மறுநாள் மிஞ்சினது வெறும் தகரம். பிறகு மாற்றங்கள் செஞ்சு பறக்க வழி வந்தது, அதுக்கும் காசு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபைபர் கிளைடரின் மேல்பூச்சான ஜெல்கோட் வெடிச்சிருந்தா, அதைச் சுரண்டிப் புதுசா பூசுற கூலி பழைய கிளைடரின் விலையையே தொட்டுடும். மரக் கிளைடர்னா ஈரத்தில் பசை விட்டிருக்கலாம். தரையில் சுழன்று வால் பகுதி ஒடிஞ்சு ஒட்டினதா இருக்கலாம். பெயிண்ட் பளபளப்பு இதையெல்லாம் காட்டாது. லாக்புக்கைக் கேளுங்க: மொத்த மணி நேரம், எத்தனை முறை ஏறி இறங்கியது, பழுது பார்த்த பதிவுகள். விற்பவருக்கு வேண்டாத ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டுப் போங்க. டிரெய்லரையும் விடாதீங்க.

இனிதான் என் உண்மையான கோபம். நல்லாத் துருவிப் பார்த்து வாங்குற அதே ஆள், விற்கும்போது வாயை மூடிக்கிறார். "நானும் ஏமாந்துதானே வாங்கினேன்"னு ஒரு நியாயம் வேற! பைக்கில் குறையை மறைச்சா வாங்கினவர் பெரும்பாலும் வழியில் நிப்பார். கிளைடர் வானத்தில் நிக்காது சார். நீங்க எழுதாம விட்ட ஒரு மோசமான தரையிறக்கம், அடுத்தவர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும்போது தன்னைத் தெரியப்படுத்திக்கும்.

விலை குறைஞ்சா குறையட்டும். எல்லாத்தையும் சொல்லி வில்லுங்க. அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாதுன்னா, வாங்காதீங்க. கிளப் கிளைடரே போதும்.