ஊஞ்சலும் ஒரு பினாமியும்

இயற்பியல் எழுதுற நண்பர்கள் பலபேர் ஒரு வரியை மறக்காமல் போட்டுடறாங்க: இயற்கையின் எல்லா விதிகளும் 'மிகக் குறைந்த செயல்' என்ற ஒரே தத்துவத்திலிருந்து வருகின்றனவாம். கேட்க அழகாத்தான் இருக்கு. எனக்குச் சண்டை அந்த 'எல்லா'வோடுதான். ('மிகக் குறைந்த' என்பதும் எப்பவும் சரியில்லை. அது தனிப்பதிவுக்கான விஷயம்.)

கூடத்து ஊஞ்சலை எடுத்துக்குங்க. தள்ளினால் ஆடும், உராய்வால் மெல்ல நிற்கும். லேசான ஆட்டத்துக்கு அதன் வகைக்கெழுச் சமன்பாட்டில் மூன்று உறுப்புகள்: முடுக்கம், வேகத்தைப் பொறுத்த உராய்வு, நடுவுக்கு இழுக்கும் விசை. ஒரு சமன்பாடு அந்தத் தத்துவத்திலிருந்து வருமா என்று பார்க்க ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1887-லேயே நிபந்தனைகள் சொல்லிட்டார். இந்த மாதிரி சமன்பாட்டுக்கு அதன் சாரம்: பகுதித் தொகையிடலில் புரட்டிப் போட்டாலும் அதே சமன்பாடு வரணும். முடுக்கத்தில் இரண்டு வகையிடல், குறி இரண்டு முறை மாறிப் பழையபடி ஆகிடும். உராய்வில் ஒன்றே ஒன்று. குறி மாறிடுது. ஊஞ்சல் ஃபெயில்!

ஆனா ஒரு தந்திரம் இருக்கு. சமன்பாடு முழுவதையும் நேரத்தோடு அடுக்குக்குறியில் வளரும் ஓர் எண்ணால் பெருக்குங்க. தீர்வு மாறாது, ஊஞ்சல் பாஸ்! கால்டிரோலா (1941), கனாய் (1948) பேரில் வழங்கும் லக்ராஞ்சியன் இதுதான். சரி, அதை உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. உராய்வே இல்லாமல், ஆடுறவர் எடையும் இழுவிசையும் நொடிக்கு நொடி ஏறிக்கிட்டே போற ஊஞ்சல்னும் அதே கணக்கை வாசிக்கலாம். இதில் இயற்கையின் சிக்கனம் எங்கே இருக்கு?

பேட்மன் 1931-ல் வேறு வழி சொன்னார். இந்த ஊஞ்சல் இழக்கும் ஆற்றலை வாங்கிக்க ஒரு கண்ணாடி ஊஞ்சலைப் பக்கத்தில் மாட்டிட்டார். நம்ம ஊரில் இதுக்குப் பேர் பினாமி :-)

"உராய்வு அடிப்படை விசையே இல்லையே, மூலக்கூறு அளவில் கணக்கு சரியாத்தானே வரும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படின்னா 'அடிப்படை விதிகள்' என்றே எழுதலாமே. மேக்ஸ்வெல், ஐன்ஸ்டைன் சமன்பாடுகள் இந்தச் சோதனையில் தேறுவது பெரிய சேதி. ஃபெயிலாகவும் வாய்ப்பு இருப்பதால்தான் அது சேதி.

ஒரு மாறி மட்டும் இருந்தால் மேலே சொன்ன மாதிரி ஏதாவது ஒரு பெருக்கி எப்படியும் கிடைச்சிடும். இரண்டு மாறிகளுக்கு ஜெஸ்ஸி டக்ளஸ் (1936-ல் முதல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய இருவரில் ஒருவர்) 1941-ல் வகை வகையாகப் பிரிச்சுக் காட்டினார். அவற்றில் சில ஜோடிச் சமன்பாடுகளுக்கு எந்தப் பெருக்கியைப் போட்டாலும் லக்ராஞ்சியன் கிடையவே கிடையாது.