மணப்பந்தலும் பதிவேடும்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறுவது என் வயதில் எளிதன்று. ஆனால், சாமை, தினை சாகுபடியின் வரவு செலவு குறித்த ஆய்வுக்காக இளம் வயதில் அந்த ஊர்களில் நடந்து திரிந்தவன் என்பதால் அழைப்பைத் தட்ட மனம் வரவில்லை. உணவு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மாணவரின் தாய்மாமன் கேட்டார்: "வாத்தியாரே, ஆம்பளயும் ஆம்பளயும், பொம்பளயும் பொம்பளயும் கட்டிக்கலாமான்னு டில்லியில கேஸு நடந்துச்சே, என்னதான் ஆச்சு?" சட்டப்படி முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது என்றேன். "அப்ப சேந்து இருக்கறவங்கள சர்க்கார் என்ன பண்ணும்?" என்றார். ஒன்றும் செய்யாது என்றேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் விடையே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. 'ஒன்றும் செய்யாது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தண்டிக்காது என்பது ஒன்று. உதவாது என்பது மற்றொன்று. இந்தியாவில் தன்பாலின இணையரின் இன்றைய நிலை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

தண்டனை நீங்கிய கதை பலரும் அறிந்தது. 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை மட்டுப்படுத்தியது. 2013-இல் உச்சநீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. சுப்ரியோ சக்கரவர்த்தி வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு அதற்கு விடையளித்தது. திருமணம் அடிப்படை உரிமை அன்று, சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி வாசிக்க முடியாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். திருமணம் என்ற பெயரில்லாத ஓர் இணைவாழ்வு உரிமையையாவது அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் கருதினர். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் அதை ஏற்கவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

அவ்வழக்கில் மத்திய அரசு முன்வைத்த வாதங்களில் ஒன்று, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கோரிக்கை என்பது. தலைமை நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆங்கிலம் பேசும் பெருநகர ஊழியருக்கு மட்டுமன்றி, வயலில் உழைக்கும் பெண்ணுக்கும் இவ்வியல்பு இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். பெரக்கரை நாட்டின் பந்தலில் வந்த கேள்வியையும் நான் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். கேட்டவர் கேலியாகக் கேட்கவில்லை. யாரையோ மனத்தில் வைத்துக் கேட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

சமயங்களின் நிலைப்பாட்டுக்கு வருவோம். இந்து மரபில் திருமணம் ஒரு சடங்கு, ஒரு சம்ஸ்காரம். இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். ஆயினும் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதே என்பதில் மரபுவழிச் சட்ட அறிஞர்களிடம் ஐயமில்லை. ஜமியத் உலமா-இ-ஹிந்த் அமைப்பு உச்சநீதிமன்றத்தில் மனுதாரர்களை எதிர்த்தே வாதிட்டது. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமணம் ஓர் அருட்சாதனம். அதில் மாற்றமில்லை என்று கூறிக்கொண்டே, தன்பாலின இணையருக்குத் திருமணச் சடங்கின் சாயலின்றி ஆசி வழங்கலாம் என்று 2023 டிசம்பரில் வத்திக்கான் அறிவித்தது.

பழைய நூல்களைப் புரட்டினால் கண்டனமும் உண்டு; அதன் அளவு நாம் எதிர்பார்ப்பது போல் இல்லை. ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு மனு விதித்த கழுவாய், உடுத்த துணியோடு நீராடுவது. பெண்களுக்குத்தான் அவர் கடுமை காட்டினார். (பெண்களிடம் மட்டும் கடுமை என்பதில் மனு நம் காலத்து ஊர்ப் பெரியவர்கள் பலரை ஒத்திருக்கிறார்.) நம் மண்ணிலேயே, கூவாகத்தில் ஆண்டுதோறும் திருநங்கையர் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அது வேறு பொருள், வேறு மரபு; தன்பாலினத் திருமணத்துக்கு அதைச் சான்றாக்குவது சரியன்று. ஆண், பெண் என்ற வரையறைக்கு அப்பாலும் தாலி என்ற குறியீடு சென்றிருக்கிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

இத்தனைக்கும், சமயத் திருமணத்தைத் தாருங்கள் என்று அந்த வழக்கில் கேட்கப்படவில்லை. தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டோம் என்று விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவாதம் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றியதே. எந்தக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தம் வாசலைத் திறக்க வேண்டியதில்லை. கேட்கப்பட்டது சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரு வரி. எனவே சமயங்களின் எதிர்ப்பில் பெரும்பகுதி, தங்களிடம் கேட்கப்படாத ஒன்றுக்கான மறுப்பு. ஆனால், பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன நடைமுறைத் தடையை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். சிறப்புத் திருமணச் சட்டம் வாரிசுரிமைச் சட்டங்களோடு பின்னப்பட்டிருக்கிறது. அதன்கீழ் மணக்கும் இரு இந்துக்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடர்கிறது. ஓர் இழையை இழுத்தால் பல முடிச்சுகள் அவிழும். அதைச் செய்யத் தகுந்த இடம் சட்டமன்றம்தான் என்பது நியாயமான வாதம். சட்டமன்றம் செய்யாவிட்டால் என்ன என்பதற்குத்தான் அந்தத் தீர்ப்பில் விடையில்லை.

இங்கே கொல்லிமலை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அங்கு வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்லர்) பட்டியல் பழங்குடியினர். இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. நான் சாப்பிட்டு வந்த திருமணம் நாட்டு வழக்கத்தின்படி செல்லும். தில்லியில் எழுதிய வரையறையின்படி அன்று. வழக்கத்தை நிரூபித்தால் நீதிமன்றமும் ஏற்கும். 2001-இல் சந்தால் பழங்குடியினர் தொடர்பான ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. 2024-இல் பொது சிவில் சட்டம் இயற்றிய உத்தரகண்டும் பழங்குடியினரை விலக்கியே வைத்திருக்கிறது. ஆக, இந்தியாவில் திருமணத்துக்கு ஒரே வரையறை உண்டு, அதை அசைத்தால் நாடு குலையும் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத பேச்சு.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவம் இன்னும் அருகில் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியில் தொடங்கின. புரோகிதரும் ஓமமும் இல்லாத அவை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் கூறியது. மேடையில் மாலை மாற்றி, ஊரறிய வாழ்ந்து, பிள்ளை பெற்ற ஆயிரக்கணக்கான இணையர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாக நின்றனர். 1967-இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த அத்தகைய திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அப்பிரிவு 'இரு இந்துக்கள்' என்று விரிவாகத் தொடங்கி, 'கணவன்', 'மனைவி' என்ற சொற்களில் வந்து குறுகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 28 அன்று, இத்தகைய திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை, வழக்குரைஞர் முன்னிலையிலும் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ரவீந்திர பட். ஏழு வாரங்களுக்குப் பிறகு சுப்ரியோ வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். திருமணத்தைப் புனிதம் என்றோ காதல் என்றோ பேசும் தகுதி எனக்கில்லை. என் துறையின் பார்வையில் அது நூற்றுக்கணக்கான சிறு ஒப்பந்தங்களை ஒரே கையெழுத்தில் முடித்துத் தரும் கட்டு. நான் இறந்தால் என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும். அதற்காக நாங்கள் தனியாக எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. என்னுடன் பணியாற்றிய பேராசிரியை ஒருவரும் அவருடைய தோழியும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். அந்த உறவுக்கு நான் ஒருபோதும் பெயர் சூட்ட முயன்றதில்லை, அவர்களும் சொன்னதில்லை. பேராசிரியை உயில் எழுதாமல் திடீரென்று மறைந்தார். குடும்ப ஓய்வூதியம் யாருக்கும் இல்லை. கணவனும் பிள்ளைகளும் இல்லாத பெண்ணின் சொத்து, பெற்றோரும் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்குச் செல்லும். வீடு அண்ணன் மகன்களுக்குப் போயிற்று. வங்கிக் கணக்கில் தோழியே நியமனதாரர். ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்பது நெடுநாளாக நிலைபெற்ற சட்டம். அந்தத் தொகையும் கைமாறியது. உயில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். திருமணமான எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்?

சுப்ரியோ வழக்கில் அரசு உறுதியளித்தபடி, மத்திய அமைச்சரவைச் செயலரின் தலைமையிலான குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இத்தகைய இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராக்கவும் தடையில்லை என்ற விளக்கம் வெளியானது. குடும்ப அட்டையில் ஒரே வீட்டாராகக் கருதவும் மாநிலங்கள் அறிவுறுத்தப்பட்டன. நல்லவைதான். ஆனால் என் சக பேராசிரியையின் தோழிக்கு நியமனம் ஏற்கெனவே இருந்தது; அது அவரைக் காக்கவில்லை.

சென்னை உயர்நீதிமன்றம் இவ்விஷயத்தில் சற்று வேகமாகவே நடந்திருக்கிறது. திருநங்கையும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை கூறியது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் நடந்த திருமணம் அப்படித்தான் பதிவேறியது. 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றபின் தீர்ப்பெழுதினார். 2023 நவம்பரில், இணையர் தம் குடும்ப உறவை ஓர் ஆவணமாகப் பதிவுசெய்ய வழிகாணலாம் என்ற யோசனையை மாநில அரசின்முன் வைத்தார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரைத் தம் துணையுடன் செல்ல அனுமதித்தது.

பிரான்ஸ் 1999-இல் கொண்டுவந்த இணைவாழ்வு ஒப்பந்தத்தை இன்று மிகுதியாகப் பயன்படுத்துவோர் ஆண்-பெண் இணையரே. நேபாளத்தில் 2023 முதல் பதிவு நடக்கிறது. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் முழுத் திருமண உரிமையே உண்டு.

திருமணமும் விவாகரத்தும் பொதுப் பட்டியலில் உள்ளவை. 1967-இல் தமிழ்நாடு பயன்படுத்திய அதிகாரம் இன்றும் அதனிடம் இருக்கிறது. 7-அ பிரிவைத் திருத்தினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்; இன்றைய சூழலில் அது கிடைக்குமா என்பது ஐயமே. குடும்ப உறவு ஆவணத்தை நான் இதைவிட எளிதான பாதையாகக் கருதுகிறேன். மருத்துவமனையில் கையொப்பமிடுவது, வாடகை வீட்டில் தொடர்ந்து குடியிருப்பது, மாநில அரசு ஊழியரின் ஓய்வூதியப் பலன் ஆகிய மூன்றை மட்டுமாவது அந்த ஆவணத்தோடு இணைப்பது மாநிலத்தின் கைக்குள் அடங்கும் வேலை. ஓய்வூதிய விதிகளைத் திருத்தத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை.