'சாப்டியா, என்ன குழம்பு?'

அமாவாசைன்னா எங்க மேல்மலையனூர்ல யாருக்கும் தூக்கம் கிடையாது பாஸ். அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு நாலா பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸா ஜனம் வந்து குவியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் நடையைச் சாத்தினதும், அமாவாசை ராத்திரியில நாய் குரைக்கிற சத்தம் மட்டும்தான்.

நான் அப்ப பத்தாவது. பரீட்சையே இல்லாம ஆல் பாஸ்! தெருவுல குதிச்சேன். எங்க பெரியப்பா பையனுக்குச் சிரிப்பே வரலை. இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம், கையில மூணு அரியர். (அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்!) ஹாஸ்டல்லேர்ந்து பெட்டியோட வந்தவன், சிக்னல் தேடி மொட்டை மாடி தண்ணி டேங்க் பக்கத்துலயே குடியேறிட்டான். கேமராவை ஆஃப் பண்ணிட்டு சும்மா உட்கார்ந்திருப்பான். 'ராத்திரி பூரா முழிக்கிறான், பகல்ல தூங்குறான். சோம்பேறி'ன்னு பெரியம்மா திட்டுவாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

2020 ஆகஸ்ட்டில், ஃபீஸ் கட்டியிருந்தா அரியரும் பாஸ்னு தமிழக அரசு அறிவிச்சது. ஃபைனல் இயர் செமஸ்டருக்கு மட்டும் விலக்கு இல்லை. ஒரே போஸ்டர், மீம்ஸ்! ஆனா ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்கலை. கேஸ் ஹைகோர்ட் போய், 2021 ஏப்ரலில் 'ரத்தை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்க'ன்னு சொல்லிட்டாங்க. பாஸா ஃபெயிலான்னே தெரியாம எட்டு மாசம். நடுவுல 9.69 லட்சம் மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா ஃப்ரீயா தர்றதா அரசு சொன்னது. அண்ணனுக்கு டேட்டா பஞ்சம் இல்லை, பேச ஆள்தான் இல்லை. மாடி ஏறி யாரும் பார்க்கலை, நான் உட்பட.

ஒரே ஒருத்தன் மட்டும் விடலை. அவனோட ரூம்மேட், தேனிக்காரன். ராத்திரி ஒன்பது மணிக்கு டாண்ணு போன். 'சாப்டியா, என்ன குழம்பு?' அவ்வளவுதான், படிப்புப் பேச்சே வராதாம். ஒருநாள் அண்ணன், 'செத்துடலாம் போல இருக்குடா'ன்னுட்டான். அவன் அட்வைஸ் பண்ணலை. போனையும் கட் பண்ணலை. பெரியப்பாவை கான்ஃபரன்ஸ்ல இழுத்துட்டான்! விடிஞ்சதும் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. தூக்கம் கெடுறது சோம்பேறித்தனம் இல்லை, மன அழுத்தத்தோட அறிகுறின்னு டாக்டர் சொன்னப்போ பெரியம்மா அழுதுட்டாங்க. மாத்திரையும் பேச்சுமா தேறி வர பல மாசம் ஆச்சு. அரியர் அதுக்கப்புறம் தானா போச்சு.

2022 அக்டோபர்லேர்ந்து 14416 இருக்கு, டெலி மானஸ். ராத்திரி எந்நேரமும் பேசலாம், தமிழ்லயே, இலவசமா. செல்லுல போட்டு வைங்க மக்கா.

என் பக்கத்து ரூம்காரன் நாலு நாளா மெஸ்ஸுக்கு வரலை. நேத்து கதவைத் தட்டி, 'சாப்டியா?'ன்னு கேட்டேன். 'எதுக்குடா கேக்குற?'ன்னு முறைச்சான். இன்னிக்கும் கேட்பேன்.