நீதி இருக்கையில் அமரத் தக்கவர் யார்?

சட்டம் பயின்றவரே தீர்ப்பளித்தல் வேண்டுமா? சாதாரணக் குடிமகன் நீதி இருக்கையில் அமரலாகாதா? இவ்வினாவுக்கு இங்கிலாந்து தரும் விடை சிந்திக்கத் தக்கது.

1361-ஆம் ஆண்டுச் சட்டத்தை வேராகக் கொண்ட முறை அது. வழக்கறிஞரல்லாத குடிமக்கள், ஊதியம் பெறாமல், பெரும்பாலும் மூவராக அமர்ந்து விசாரிக்கின்றனர். குற்ற வழக்குகளில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவை, இவர்கள் பணிபுரியும் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே முடிவடைகின்றன.

"சட்டமறியாதவர் தவறிழைத்தால், சிறை செல்பவன் ஏழையன்றோ?" என நீங்கள் வினவலாம். நியாயமான அச்சமே! அதனாலன்றோ சட்டத்தை எடுத்துரைக்க ஆலோசகர் ஒருவர் உடனிருக்கின்றார், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. ஆனால், மெய்யுரைப்பவர் யார், பொய்யுரைப்பவர் யார் எனத் தெளிவதற்கு வாழ்க்கை அனுபவமும் நடுநிலை நெஞ்சமும் வேண்டும். இவை சட்டக் கல்லூரியில் மட்டும் கிடைப்பனவல்ல.

எனவே, சட்ட அறிவு துணைநிற்கக் குடிமகன் தீர்ப்பளிப்பதில் பிழையில்லை. அவ்வறிவைப் புறக்கணித்துத் தீர்ப்பளிப்பதே பெரும்பிழை. நீதி இருக்கை ஓர் அமானிதம். அதில் அமர்பவர் பட்டம் பெற்றவரா என்று கேட்குமுன், அநீதி இழைக்க அஞ்சுபவரா என்று கேட்போமாக!