இடிந்த கோபுரமும் இடியாத வீண்பெருமையும்



‘கடாரம் கொண்டான்’ என்று முழங்காத தமிழ்ப்பள்ளி மேடை இக்கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா? அட்டை வாளும் காகித முடியுமாக மாணவன் ஒருவன் வந்து நிற்பான், அவையோர் கைதட்டுவர். அந்தக் கடாரம் எது? இன்றைய கெடா. அங்கும் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். சொந்த நாட்டின் ஒரு மாநிலம் தோற்ற கதையை மட்டுமே பெருமையெனக் கற்பிப்பது அறிவுடைமையா என்பதே என் வினா.

இக்கதைக்கு மறுபக்கம் உண்டு. அதற்கு ஒரு படமும் உண்டு. 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் சர் வால்டர் எலியட் எழுதிய கட்டுரையோடு அது வெளிவந்தது. நாகப்பட்டினத்திற்கு வடக்கே, மூன்றடுக்காய், கூரையின்றி நின்ற பாழடைந்த செங்கற்கோபுரத்தின் படம். எலியட் அதனை 1846இல் நேரில் கண்டவர். ஆனால் படம் அச்சேறியபோது கோபுரம் இல்லை. 1867இல் சென்னை அரசின் இசைவோடு இயேசு சபையினர் அதனை இடித்துவிட்டனர்.

அது சூடாமணி விகாரத்தின் எச்சம் என்பார் பலர்; சீனர் எழுப்பியது என்பாரும் உளர். கோபுரம் யாருடையதாயினும், விகாரம் இருந்ததற்குச் செப்பேடே சான்று. கடாரத்து மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அமைத்த அப்பௌத்தப் பள்ளிக்கு, 1006 அளவில் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான். அக்கொடையை நிலைபெறச் செய்தவன் யார் தெரியுமா? அவன் மகன் இராசேந்திரன்! பின்னர் 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்தவனும் அவனே. போருக்குப் பின்னும் உறவு அறவில்லை. 1090இல் கடாரத்துத் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்தின் உரிமைகளை உறுதி செய்தான்.

போர் வந்து போனது, கொடையோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஒன்றை மேடையேற்றி மற்றதை மறைப்பது வரலாறாகுமா?

“பௌத்தச் செய்தி நமக்கெதற்கு?” என்பார்க்கு ஒரு சொல்: தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்தவனே அவ்வூரை ஈந்தான். “தேர்வில் வாராதே” என்பார்க்கு மற்றொன்று: யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி என்ன சாக்கு?

2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டது தெரியவந்தபோது நம்மவர் கொதித்தெழுந்தனர். நன்று. ஆனால் கொதித்தவருள் எத்தனை பேர் அதற்குமுன் தம் பிள்ளையை அங்கே அழைத்துச் சென்றிருந்தனர்? அறியாததை எவரும் காக்கமாட்டார். நாகையில் கோபுரம் வீழ்ந்ததும் அதனால்தான். காக்க வேண்டுமென்று உணர்ந்தோர் போதிய அளவில் இல்லை.

எனவே கேட்கிறேன்: இராசேந்திரன் படத்தருகே எலியட்டின் அப்படத்தையும் வகுப்பறையில் மாட்டுங்கள். பள்ளி விடுமுறையில் மெர்போக் அருங்காட்சியகத்திற்குப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். அதற்குப் பொருள் இல்லையெனில், பிரிக்பீல்ட்சில் 1894 முதல் இயங்கிவரும் சங்கத்தின் பௌத்த மகா விகாரத்திற்கேனும் அழைத்துச் செல்லுங்கள். கடல் கடந்து வந்தோர் பிறர் மண்ணில் வழிபாட்டிடம் எழுப்புவதும், அம்மண்ணார் இடம் தருவதும் என்னவென்று பிள்ளைகள் கண்ணால் காணட்டும். நம் முன்னோரும் இம்மண்ணில் அவ்வாறே கோயில் எழுப்பினர்.

வாளை விடக் கொடை பெரிது என்று கற்பிக்க நம்மிடம் செப்பேடே இருக்கிறது. கற்பிக்கத்தான் ஆளில்லை.